அன்னக்கிளி உயிரோடுதான் இருக்கிறாள்

நம்பிராஜனை முதன்முதலில் பார்த்தது ஒரகடம் கூட்டு ரோட்டில், சுப்பிரமணியின் ஜெராக்ஸ் கடையில். காலை ஷிஃப்ட் விட்டுக் கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்புகிற நேரம். ஆதார் நகல் எடுக்க ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருக்க, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாத ஒருவன் போனை நீட்டி, அதிலிருந்த படத்தைக் கலரில் போடச் சொல்லிக்கொண்டிருந்தான். படத்தில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் சுவரோடு ஒட்டி நின்று, அன்றைய செய்தித்தாளை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். பேப்பரில் தேதி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அவன் இரண்டு தடவை சொன்னான்.

சுப்பிரமணி படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாப்பா இது, யாரையாச்சும் கடத்திகினு போய்ட்டாங்களா?"

வரிசை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"எங்கம்மை, அண்ணாச்சி. உயிரோட இருக்காவன்னு காட்டணும்."

"யாருக்கு?"

"மெஷினுக்கு."

மிச்சமெல்லாம் பிறகு, படப்பை ஷேர் ஆட்டோவில் அவனும் நானும் இடித்துக்கொண்டு போன நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அவனுக்கு ஊர் வள்ளியூருக்கு மேற்கே, மலையடிவாரம். ஏழாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அம்மா அன்னக்கிளி பீடி சுற்றியே மூத்தவள் செல்வலட்சுமியைக் கட்டிக் கொடுத்தாள். பீடி சுற்றியே இவனை பி.இ. மெக்கானிக்கல் முடிக்க வைத்தாள். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் நம்பிராஜனுடையது. தாலுகா ஆபீசில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கல்லூரிக்குக் கொடுத்தது போக, ஒரு நகலை லேமினேட் செய்து இன்னும் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறான். ஊரில் ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதா, முதியோர் பென்ஷனா, வங்கிப் படிவமா, எதுவானாலும் அவனிடம்தான் வரும். நம்பி நிரப்பிய தாள் திரும்பி வராது என்று ஒரு பேர் உண்டு. பட்டத்துக்கு ஒரு படி மேலாகவே அந்தப் பேரை அவன் வைத்திருந்தான்.

அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, கார் இருக்கை செய்யும் கம்பெனியில் டிரெய்னி. லைனில் வரும் இருக்கைச் சட்டம் ஒவ்வொன்றிலும் நாலு போல்ட் முறுக்க வேண்டும். மூன்று வருடம் முறுக்கினால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். தென்பக்கத்துப் பையன்கள் ஆறு பேரோடு ஒரு ஹாஸ்டல் அறையில் இருந்துகொண்டு, அவன் அந்த மூன்று வருடத்தை மாதம் மாதமாகக் கழித்துக்கொண்டிருந்தான்.

அப்போதெல்லாம் லீவு வேண்டுமென்றால் டைம் ஆபீஸ் ஜன்னல்தான். ஜன்னலுக்குப் பின்னால் அம்சவல்லி. பக்கத்துக் கிராமத்துக்காரி, கம்பெனி திறந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தவள். கடிதத்தை நீட்டினால் கடிதத்தைப் படிக்க மாட்டாள், ஆளைப் படிப்பாள். எந்த ஊர், யார் வீட்டு விசேஷம், பெண் யார், போய் எப்போது திரும்புகிறாய் என்று வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி விசாரிப்பாள். ஒரு தடவை நம்பிராஜன் காய்ச்சல் என்று எழுதிக் கொண்டுபோனான். அவள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நேத்து கேன்டீன்ல ரெண்டு வாட்டி பிரியாணி வாங்கினியே, காய்ச்சல்காரன் துன்ற தீனியா அது? ஊருக்குப் போவணும்னா போவணும்னு எழுதேன்டா. டிகிரி படிச்சிட்டுப் பொய்கூட ஒழுங்கா எழுத வரலையே உனக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் லீவும் கொடுத்துவிட்டாள். ஆனால் அவனுக்கு லீவு கிடைத்தது நினைவில் நிற்கவில்லை, சிரிப்புதான் நின்றது. ஒரு பி.இ., ஜன்னலுக்கு வெளியே தலையைக் குனிந்து நின்று பேச்சு வாங்குவதா என்று ஒரு வாரம் புழுங்கினான்.

அதனால்தான் போன ஆடியில் மெஷின் வந்தபோது ஹாஸ்டலிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் அவன். ஆள் உயரத்துக்கு ஒரு திரை. முகத்தைக் காட்டினால் பேர் சொல்லிக் கூப்பிடும். லீவு, சம்பளச் சீட்டு, குடும்பத்துக்கான மருத்துவ அட்டை எல்லாம் அதற்குள்ளேயே. டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பிளைவுட் அடித்தார்கள். அம்சவல்லியைக் கையுறையும் ஷூவும் கொடுக்கிற ஸ்டோருக்கு அனுப்பினார்கள். மெஷின் யார் என்னவென்று பார்க்காது, கேலி பேசாது, மேனேஜருக்கும் டிரெய்னிக்கும் ஒரே பதில் என்று நம்பிராஜன் போகிற இடமெல்லாம் சொன்னான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு அவனே பக்கத்தில் நின்று எந்தப் பொத்தானை எப்போது தொட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தான்.

தை பிறந்ததும் அக்கா மகள் சுகப்பிரியா பெரியவளானாள். சடங்குக்கு நாள் குறித்துவிட்டு அன்னக்கிளி போன் செய்தாள். தாய்மாமன் என்று அந்தப் பிள்ளைக்கு இருப்பது இவன் ஒருத்தன். மாமன் மாலை போடாமல் பிள்ளையை மணையில் உட்கார வைக்க மாட்டார்கள். வராவிட்டால் சம்பந்தி வீட்டார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். இடையில் நாலே நாள்.

மெஷின் முன்னால் போய் நின்றான். தன் திருமணம், மகப்பேறு, மருத்துவச் சான்றோடு நோய், பெற்றோர் மனைவி மக்கள் மரணம், மற்றவை. காரணங்கள் அவ்வளவுதான். ‘மற்றவை’யைத் தொட்டு ‘தாய்மாமன் சீர்’ என்று தட்டினான். காரணம் புரியவில்லை என்றது. விளக்கமாக ஐந்து வரி எழுதினான். ஏழு வேலை நாளில் பதில் வரும் என்றது. சூப்பர்வைசர் பலராமனிடம் போனால், லீவு தன் கையில் இல்லை, மெஷினில் போடு என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார். அவர் ஒளிக்கவில்லை, அவர் கையிலும் நிஜமாகவே ஒன்றும் இல்லை.

அறையில் பக்கத்துக் கட்டில்காரன் மகாராஜா வழி சொன்னான். "ஏல, மரணத்தப் போடு. மூணு நாளுக்குள்ளன்னா சர்டிபிகேட் கேக்காது, உடனே பாஸ். எங்கய்யாவ நான் தீவாளிக்கே கொன்னுட்டேன். கொம்பையா அவன் அப்பனையும் ஆத்தாளையும் சேத்தே முடிச்சுட்டான். ஒரு நாளு எங்கய்யா கருப்பட்டியத் தூக்கிக்கிட்டு இங்க வந்துட்டாவ, கேட்ல செக்யூரிட்டிதான் மிரண்டு போனான்."

அந்த அறையில் இருந்த மற்ற ஆறு பேரில் பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தது, மெஷின் கணக்கில், ஒருத்தனுக்குத்தான்.

நம்பிராஜனுக்கு அப்பா ஏற்கெனவே இல்லை. சேரும்போதே அப்படித்தான் பதிவு. மரணத்தைத் தொட்டதும் திரையில் ஒரே ஒரு பேர் வந்தது. தாய், அன்னக்கிளி, வயது 54. உறுதி செய்யவும். அவன் விரல் கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது. பின்னால் கேன்டீனுக்குப் போகிறவர்கள் சத்தம். எத்தனையோ படிவம் நிரப்பியவன். இதுவும் ஒரு கட்டம்தானே, கட்டத்தில் போட்டால் ஆகிவிடுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தொட்டுவிட்டான். தொட்ட விரலைப் பேண்டில் துடைத்தான். உடனே போன் அதிர்ந்தது. மூன்று நாள் விடுப்பு வழங்கப்பட்டது. தங்கள் தாயாரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். கூடவே ஒரு குத்துவிளக்குப் படம்.

ஊருக்குப் போனான். மாலை போட்டான். பட்டுப்பாவாடைத் தட்டை அன்னக்கிளிதான் எடுத்துக் கையில் கொடுத்தாள். அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் பந்தலிலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

வைகாசியில் அன்னக்கிளிக்கு வயிற்றுவலி. பித்தப்பையில் கல், இன்னொரு தடவை இப்படி வலி வந்தால் உள்ளேயே வெடித்துவிடும் என்று திருநெல்வேலியில் ஒரு டாக்டர் சொன்னார். கம்பெனி அட்டை செல்லுகிற ஆஸ்பத்திரி. அடுத்த புதன்கிழமைக்கு ஆபரேஷன் குறித்தார்கள். அட்டை இல்லாமல் செய்துகொள்ளும் நிலையில் அந்த வீடு இல்லை. வேறு இடத்தில் கேட்டால் தேதி இரண்டு மாதம் தள்ளிப் போனது. பேர் பதியப் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏய்யா, இந்தப் பிள்ள கம்ப்யூட்டரப் பாத்துட்டு என்னைய ஒரு மாதிரி பாக்குதா. நான் செத்துப் போனதாப் போட்டிருக்காம்லா. நான் இங்கன நின்னுக்கிட்டுதான இருக்கேன்?"

மெஷின் தப்பு, நான் சரி பண்ணுகிறேன் என்று நம்பிராஜன் சொன்னான். லீவு ஒரு பெட்டி, அட்டை ஒரு பெட்டி என்று அவன் நினைத்திருந்தான். இரண்டும் ஒரே பெட்டி.

சரி பண்ண அவனுக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டில் ஐந்து நாளை மெஷின் தின்றது. குடும்ப விவரத்தைத் திருத்தப் போனால், பேர் சேர்க்க இடம் உண்டு, நீக்க இடம் உண்டு, செத்தவரைத் திரும்பக் கொண்டுவர இடம் இல்லை. புதிதாகத் தாய் என்று சேர்த்துப் பார்த்தான். தாய் ஏற்கெனவே பதிவில் உள்ளார், மறைவு என்றது. அரட்டைப் பெட்டியில் ‘தோழி’ என்று ஒன்று இருந்தது. எது எழுதினாலும் அது முதலில் தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று தொடங்கும். என் அம்மா சாகவில்லை என்று எழுதினான். துயரமான நேரத்தில் மனநல ஆலோசனைக்கு இந்த எண் என்று கொடுத்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டால் தமிழுக்கு ஒன்று, விடுப்புக்கு மூன்று, அலுவலரிடம் பேச ஒன்பது. ஒன்பதை அழுத்தினால் மறுபடியும் தமிழுக்கு ஒன்று. சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடமும் போனைக் காதில் வைத்தபடியே போனது. மனிதவள ஆட்களெல்லாம் வேறு ஊர்த் தலைமை அலுவலகத்துக்குப் போய் ஒரு வருடமாகிறது. இத்தனை ஆயிரம் பேர் வந்துபோகும் கம்பெனியில், என் தாய் சாகவில்லை என்று சொல்ல ஒரு காது இல்லை.

கடைசியில் ஒரு மூலையில் ‘தவறான பதிவு’ என்று ஒரு கட்டம் அகப்பட்டது. ஆதாரம் ஏற்றச் சொன்னது. அன்றைய பேப்பரோடு அக்காவை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னதும், சுப்பிரமணி கடைக்கு வந்ததும் அதற்காகத்தான். பிரிண்ட் எடுத்து, கீழே விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து ஏற்றினான். மறுநாள் பதில் வந்தது. ஆவணம் ஏற்கப்படவில்லை, இந்தப் பிரிவில் இறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும்.

நம்பி நிரப்பிய தாள் முதல்முறையாகத் திரும்பி வந்தது.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோருக்குப் போனான். அம்சவல்லி கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் வந்த பத்து மாதத்தில் அவன் அவளோடு பேசியது இரண்டே தடவை, இரண்டும் ஷூ சைஸ். தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை நிற்காமல் கேட்டாள்.

"பெத்தவள சாவடிச்சிட்டு இங்க வந்து நிக்கிறியா? தாய்மாமன் சீருன்னு எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, அரை நிமிஷம் நாலு வார்த்த கிண்டல் பண்ணிட்டு அனுப்பிச்சிருப்பேன்."

"அந்த நாலு வார்த்தைக்குத்தான்க்கா பயந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த கையுறையைப் பெட்டியில் போட்டாள். "என் கையில இப்ப இன்னா கீது? ஷூவும் கையுறையும்தான் கீது" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவனை ஸ்டோரில் வந்து நிற்கச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து மனிதவள அதிகாரி சசிகலா ஆய்வுக்கு வந்தார். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பு முனை ஷூ போடாமல் எப்பேர்ப்பட்டவரும் மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போக முடியாது. வருகிறவர் ஸ்டோரில் உட்கார்ந்து, தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்து, அம்சவல்லி எடுத்துத் தருகிற ஷூவைப் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மெஷின் வைத்தவர்கள் அதற்கு மட்டும் இன்னும் வைக்கவில்லை.

அம்சவல்லி செருப்பை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஆறாம் நம்பர் ஷூவை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நாடாவைக் கோக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு துளையாக, அவசரமில்லாமல்.

"மேடம், இது முடியறதுக்குள்ள இவன் சொல்றத கொஞ்சம் கேட்டுடுங்க."

சசிகலா கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் வெறுங்காலோடு எங்கே எழுந்து போவது? நம்பிராஜன் வீடியோ காலில் அன்னக்கிளியைக் கூப்பிட்டுப் போனை நீட்டினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவள் போனை முகத்துக்கு வெகு பக்கத்தில் பிடித்திருந்தாள்.

"கும்பிடுதேன் தாயி. நான் அன்னக்கிளி. சாகல, இந்தா இருக்கேன். உங்க மிசினு என்னைய செத்துட்டான்னு போட்டுட்டு. எம்மவன் படிச்சவன் தாயி, அவன் தப்பா ஒண்ணும் எழுத மாட்டான்."

சசிகலா கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. மெஷினே தப்பாகப் பதிந்திருந்தால் அது தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகும், நாற்பது நாளாகும், தன்னால் தொட முடியாது என்று சொன்னார். ஊழியரே போட்டது என்றால் தன் பொறுப்பில் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பொய்க் காரணம் சொல்லி லீவு எடுத்ததாக அவன் பேரில் பதிவாகும். அடுத்த மாதம் வரவேண்டிய நிரந்தரம் வராது.

"யார் போட்டது? சிஸ்டமா, நீங்களா?"

போன் அவன் கையிலேயே இருந்தது. திரை முழுக்க அம்மாவின் முகம். காலை ஷிஃப்டின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அம்சவல்லியின் கை நாடாவில் நின்றுவிட்டது.

"நான்தான் மேடம். சடங்குக்குப் போக லீவு கெடைக்கல. நான்தான் போட்டேன்."

அம்மாவின் முகம் மெல்லக் கீழே இறங்கி மறைந்தது. ஆஸ்பத்திரிக் கூரையில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு திரை அணைந்தது.

சசிகலா எழுதத் தாள் கேட்டார். ஸ்டோரில் வெள்ளைத்தாள் என்ற ஒன்றே இல்லை. அம்சவல்லி பழைய ஷூ ரசீது ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். அதன் முதுகில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்பி, அந்த ஆஸ்பத்திரி மேசைக்குப் போன் செய்து, அந்தம்மாள் உயிரோடு இருக்கிறார், நான் பொறுப்பு, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னார். ஐந்து நாளில் ஆகாதது நாலு நிமிடத்தில் ஆனது. அதன் பிறகுதான் ஷூ அவர் காலுக்கு வந்தது. பதிவைத் திருத்த அவரும் அதே மெஷினில்தான் மனுப் போட வேண்டியிருந்தது. ஏழு வேலை நாளில் பதில் வரும் என்று அவருக்கும் வந்தது.

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நம்பிராஜனுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்காதான் கூட இருந்தாள். பத்து நாள் அன்னக்கிளி அவன் போனை எடுக்கவில்லை. பதினோராம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"என் எழவுக்கு எத்தன நாளு லீவு குடுத்தாவ?"

"மூணு நாளும்மா."

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு, தையல் பிரித்த இடத்தில் அரிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

நம்பிராஜன் இப்போதும் அதே லைனில் நாலு போல்ட் முறுக்குகிறான். டிரெய்னிதான், நிரந்தரம் இன்னும் ஒரு வருடம் தள்ளி. அம்சவல்லி ஸ்டோரில் இருக்கிறாள். அன்னக்கிளி திரும்பவும் பீடி சுற்றுகிறாள். கம்பெனிப் பதிவில் அவள் இன்றுவரை மறைவு.